தட்டான் முதுகுல இருக்கது உளவுக் கருவி இல்லங்க

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர் கடைசிப் பக்கத்துல, முதுகுல சின்னதா ஒரு போர்டு ஒட்டின தட்டான் படத்தப் போட்டு, உளவு பாக்க வருது தட்டான்னு தலைப்பு வச்சு நாலே நாலு வரி எழுதியிருந்தீங்க. நான் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் 22 வருசமா செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். அன்னைக்கு சாயந்தரமே கடைக்கு வந்த ஒருத்தரு, அண்ணாச்சி இனிமே வீட்டுக்குள்ள தட்டான் வந்தா அடிச்சிரணும் போல, உள்ள கேமரா இருக்குமாம்லான்னு கேட்டாரு. வெளையாட்டுக்குக் கேக்கல, நெசமாவே பயந்து கேட்டாரு. மனசு கேக்காம இத எழுதுதேன். கொஞ்சம் நீளமா இருக்கும், வெட்டாம போடுங்கய்யா.

அந்தப் போர்டுல கேமரா கெடையாது, மைக் கெடையாது. தட்டானோட நரம்புக்குள்ள ஓடுத கரண்ட அது பறக்கும்போதே அளந்து வெளிய அனுப்புததுக்கு உள்ள கருவி அது. எம் மக காலேஜ்ல விலங்கியல் படிக்கா, அவதான் நெட்ல தேடி அந்த ஆராய்ச்சிக் கட்டுரைய எடுத்துக் குடுத்தா. ரெண்டு ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து படிச்சோம், அவ பூச்சி சமாச்சாரத்த எனக்குச் சொன்னா, நான் சர்க்யூட்ட அவளுக்குச் சொன்னேன். 2012-ல வந்த கட்டுரை. அமெரிக்கால அப்ப டியூக் யூனிவர்சிட்டில இருந்த மேத்யூ ரெனால்ட்ஸ் குரூப்பு, நரம்பு சிக்னலுக்குன்னே ஐசி, அதாவது சிப்பு, டிசைன் பண்ணுத ரீட் ஹாரிசன், வர்ஜீனியால ஜனேலியாங்குத ஆராய்ச்சி நிலையத்துல அப்ப தட்டான வச்சு ஆராய்ச்சி செஞ்ச ஆண்டனி லியோனார்டோ, இவுகள்லாம் சேந்து செஞ்ச வேலை.

அய்யா, நம்ம ஊருல தட்டான் வாலுல நூலு கட்டாம வளந்த பையன் யாரு இருக்கான் சொல்லுங்க. நாங்க குறுக்குத்துறைல சின்னப்பிள்ளைல ஐப்பசி மழைக்கு முன்னால மஞ்சத் தட்டான் கூட்டங் கூட்டமா தாழப் பறக்கும்போது பின்னாலயே போயி ரெக்கையப் புடிச்சு, அம்மை தையல் டப்பால இருந்து நூல எடுத்து வாலுல முடிச்சுப் போட்டு, காலுல ஒரு சின்னக் கல்லக் குடுத்து தூக்க விடுவோம். தூக்கும். ஆனா அது பறக்குத மாதிரியே இருக்காது, ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, ரெக்க சத்தம் மட்டும் பெருசா கேக்கும், கொஞ்ச நேரத்துல கீழ வந்து உக்காந்துரும். பாவம்லே விட்டுரு, அது வாயில்லா சீவன்னு ஆச்சி ஏசுவா.

நூலு கட்டின தட்டானப் பாத்து தட்டான் எப்படிப் பறக்குதுன்னு யாரும் தெரிஞ்சுக்கிட முடியாதுல்லா. ஆராய்ச்சி செய்யுதவுகளுக்கும் ரொம்ப வருசமா இதே பிரச்சினைதான். பூச்சிய ஒரு குச்சில அசையாம ஒட்டி, நரம்புல மெல்லிசா ஒயரக் குத்தி, முன்னால ஒரு ஸ்கிரீன்ல கருப்புப் புள்ளிய ஓட விட்டு, இந்த நரம்பு எப்ப துடிக்குதுன்னு பாப்பாங்க. நெறைய கண்டுபுடிச்சாங்க, அதக் குறையா சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பூச்சி நெசமா ஒரு கொசுவ வெரட்டிப் புடிக்கும்போது உள்ள என்ன நடக்குன்னு பாக்கணும்னா ஒயர அறுத்தாகணும். அதுக்குத்தான் இந்தக் கருவி.

இப்ப எடை விசயத்துக்கு வாரேன், அதுலதான் முழு வித்தையும் இருக்கு. எங்கடை டியூப்லைட்டுக்கு கீழ ஒரு மஞ்சத் தட்டான் செத்துக் கிடந்தது. அத ஒரு சிம்கார்டு கவர்ல போட்டு, டவுண்ல நகை வேலை செய்யுத சிநேகிதர் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். அவருகிட்ட மில்லிகிராம் காட்டுத டிஜிட்டல் தராசு உண்டு, காத்து படாம இருக்க கண்ணாடி மூடி போட்டது. மூடிய மெல்ல மூடிட்டு மூச்ச அடக்கிக்கிட்டுப் பாத்தோம். 0.274. கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல. பக்கத்துலயே எங்கிட்ட இருந்த ஒரு மெமரி கார்ட வச்சா அதுவும் கிட்டத்தட்ட அதே எடை. வாட்சுக்குப் போடுத 626 பேட்டரி ஒண்ணு மட்டும் தட்டான விட கூட இருக்கு. அந்தக் கட்டுரைல போட்டிருக்க கருவியோட மொத்த எடை 38 மில்லிகிராம். அது எவ்வளவுன்னு கண்ணால பாக்கணும்னு தோணுச்சு, அவர் வீட்டுக்குள்ள போயி பொன்னி அரிசி கொண்டாந்தாரு, மூணு அரிசி போட்டா 39 காட்டுது. மூணே மூணு அரிசிங்கய்யா. அதுல ஐசி, போர்டு, ஆண்டெனா எல்லாம் அடக்கம்.

இந்தக் கால் கிராம் சீவன் கூட்டங் கூட்டமா இந்தியாவுல இருந்து மாலத்தீவு வழியா கடலத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகுதுன்னு சார்லஸ் ஆண்டர்சன்னு ஒருத்தரு 2009-ல எழுதியிருக்காரு. நாம நூலு கட்டி வெளையாடின அதே மஞ்சத் தட்டான்தான்.

வாட்ச் பேட்டரியே பூச்சிய விட கனம்னா கருவிக்கு கரண்ட் எங்க இருந்து வரும்? நம்ம ஆளுகளுக்கு இது ஈசியா புரியும். நாகர்கோவில் ரோட்டுல நாங்குநேரி டோல்கேட்டத் தாண்டிப் போறவுக எல்லாரும் கார் கண்ணாடில ஃபாஸ்டாக் ஒட்டியிருக்கீங்கல்லா, அதுக்கு என்னைக்காவது பேட்டரி மாத்தியிருக்கீங்களா? அதுக்குள்ள பேட்டரியே கெடையாது. மேல இருக்க ரீடர் ரேடியோ அலைய அனுப்புது, அந்த அலைல இருந்தே ஃபாஸ்டாக் தனக்கு வேண்டிய கொஞ்சூண்டு கரண்ட எடுத்துக்கிட்டு, அதே அலையத் திருப்பி அனுப்புததுலயே தன் நம்பரச் சொல்லிருது. பள்ளிக்கூடத்துல உடைஞ்ச கண்ணாடித் துண்ட வெயில்ல காட்டி எதுத்த செவுத்துல வெளிச்சம் அடிப்போமே, அதே சங்கதிதான். வெளிச்சம் சூரியனோடது, நாம கையத் திருப்புததோட சரி. இப்படி சொந்தமா அலை அனுப்பாம வந்த அலைய வச்சே பேசுததால ரொம்ப ரொம்பக் கொஞ்சம் கரண்ட் இருந்தாப் போதும். தட்டான் முதுகுல இருக்கதும் இந்த வழிலதான் வேலை செய்யுது. ஃபாஸ்டாக் நம்மூர்ல 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுது, இது 902-ல இருந்து 928 வரைக்கும். அறைக்குள்ள 4 வாட்டு பவர்ல ஒரு டிரான்ஸ்மிட்டர் நின்னு அலைய அனுப்பிக்கிட்டே இருக்கணும், அந்த எடத்த விட்டு தட்டான் வெளிய போயிட்டா கருவி செத்துப் போச்சு. ஒங்க வீட்டு ஜன்னல் வழியா வந்து உளவு பாக்கணும்னா மொதல்ல ஒங்க வீட்டுக்குள்ளயே அந்த டிரான்ஸ்மிட்டரக் கொண்டாந்து வச்சாகணும், அதையும் யோசிச்சுப் பாருங்க.

ஆண்டெனா பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிருதேன், நம்ம ஜில்லாவுலயே அதுக்கு எதிர்மறையான உதாரணம் இருக்கு. விஜயநாராயணத்துல கடற்படைக்காரங்க வச்சிருக்க டவர்கள எல்லாரும் பஸ்ல போகும்போது பாத்திருப்பீக, 400 மீட்டருக்கு மேல உசரம். கடலுக்கடில இருக்க நீர்மூழ்கிக் கப்பலுக்கு சேதி சொல்ல ரொம்ப ரொம்பத் தாழ்ந்த அலைவரிசை வேணும், அந்த அலை ஒவ்வொண்ணும் கிலோமீட்டர் கணக்குல நீளம், அதனால டவரும் மலை மாதிரி நிக்கணும். 900 மெகாஹெர்ட்ஸ்ல அலை நீளம் ஒரு அடிக்குச் சத்துக் கூட, 33 சென்டிமீட்டர்தான். அதான் ஒரு பூச்சி தூக்கிட்டுப் பறக்குத அளவுக்கு ஆண்டெனா வைக்க முடியுது.

எங்க தொழில்ல இருக்கவங்களுக்காக அந்த ஐசியப் பத்திச் சொல்லுதேன், மத்தவுக பொறுத்துக்கிடுங்க. 2.36-க்கு 1.88 மில்லிமீட்டர், கனம் கால் மில்லிமீட்டர். அத டிஸ்பிளே ஸ்ட்ரிப் மாதிரி வளையுத ஃப்ளெக்ஸ்ல, 4.6-க்கு 6.8 மில்லிமீட்டர்தான் அந்தப் போர்டே, அதுல மெல்லிசு ஒயரால பாண்டிங் பண்ணி இணைச்சிருக்காங்க. அதுக்குள்ள நரம்புக்குன்னு 10 சேனல், அதாவது சிக்னல் உள்ள வர்ற வழி, தசைக்குன்னு 4 சேனல். நரம்புல வர்ற சிக்னல் எவ்வளவு சின்னதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. எங்கடை மல்டிமீட்டர 200 மில்லிவோல்ட்டுல வச்சா அது காட்டுத கடைசி எண்ணம் 0.1 மில்லிவோல்ட், அதாவது 100 மைக்ரோவோல்ட். நரம்புக்கு வெளிய ஒயர வச்சா கிடைக்கது பல நேரம் அந்த அளவுகூட வராது, அதுவும் ஒரு மில்லிசெகண்டு வந்துட்டு மறைஞ்சுரும். பக்கத்துலயே ரெக்கத் தசை அதவிடப் பெருசா கரண்ட உதறிக்கிட்டு இருக்கும். அதுக்கு நடுவுல அந்தத் துடிப்பப் புடிச்சுப் பெருசாக்கி, ஒவ்வொரு நரம்புச் சேனலையும் நொடிக்கு 26,100 தடவ அளந்து, நொடிக்கு 50 லட்சம் பிட்டு வேகத்துல வெளிய அனுப்புது. பாட்டு சிடில நொடிக்கு 44,100 தடவ, அதோட ஒப்பிட்டுக்கிடுங்க. ஒரு போன் போர்டுல ஒரு லைன் அந்துபோச்சுன்னா மைக்ரோஸ்கோப்புல பாத்து தலைமுடிய விட மெல்லிசான ஜம்பர் ஒயர் இழுக்கதுக்கே எனக்கு மூச்சு நின்னுரும், அதனாலதான் இவங்க வேலையோட அருமை எனக்குத் தெரியுது.

இவ்வளவு பாடுபட்டு என்னத்தக் கேக்காங்கன்னா, தட்டான் வேட்டையாடுத நேரத்துல நரம்பு பேசுததத்தான். தட்டான் குறி வச்சா 100-க்கு 95 தடவ எரைய புடிச்சிருமாம். அத்தனையும் அரை நொடிக்குள்ள முடிஞ்சு போகுத வேலை. மூளைல இருந்து ரெக்கைய ஆட்டுத நரம்பு மையத்துக்குப் போறதுல இந்த வேலைக்குன்னு இருக்கது 8 ஜோடி, அதாவது 16 நரம்பு. பலோமா கொன்சாலஸ் பெலிடோவும் கூட இருந்தவுகளும் 2013-ல இதப் பத்தி எழுதியிருக்காங்க. அந்த 16-ல ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு திசை புடிக்கும், எரை எந்தப் பக்கம் நகருதோ அதுக்குத் தக்கன ஒவ்வொண்ணும் கூடக் குறைய துடிக்கும், எல்லாம் சேந்து ஓட்டுப் போட்ட மாதிரி ஒரு திசைய முடிவு பண்ணும். 2015-ல லியோனார்டோ குரூப்பு இன்னொண்ணு காட்டினாங்க: தட்டான் கொசு போற எடத்தப் பாத்துட்டுப் பின்னால ஓடுதது மட்டும் கெடையாது, தான் திரும்பினா கண்ணுக்குள்ள காட்சி எப்படி மாறும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு தலையத் திருப்பி எரைய கண்ணுக்கு நேராவே வச்சுக்கிடுது. இதப் படிக்கும்போது எம் மக, அப்பா நாம நூலக் கட்டி இழுத்ததெல்லாம் இப்பேர்ப்பட்ட சீவனத்தானான்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்ல முடியல.

உளவுங்குத பயம் ஒரேயடியா ஆகாசத்துல இருந்து வரலன்னும் நான் ஒத்துக்கிடுதேன், ஒளிச்சு எழுத விரும்பல. பேட்டரி இல்லாம வந்த அலைய வச்சே பேசுத இந்த வித்தையே 1945-ல ரஷ்யாக்காரங்க உளவுக்குப் பயன்படுத்தினதுதான். லியோன் தெரமின் செஞ்ச கருவிய மரத்துல செதுக்கின ஒரு அமெரிக்க முத்திரைக்குள்ள ஒளிச்சு வச்சு, பள்ளிக்கூடப் பிள்ளைகள விட்டு மாஸ்கோல இருந்த அமெரிக்கத் தூதருக்குப் பரிசாக் குடுத்தாங்க, 1952 வரைக்கும் யாரும் கண்டுபுடிக்கல. 2009-ல கலிஃபோர்னியா பெர்க்லில வண்டுக்கு ரேடியோவுல கரண்டக் குடுத்து அத கிளப்பவும் நிறுத்தவும் திருப்பவும் செஞ்சாங்க, அதுக்கு ராணுவப் பணம் வந்ததும் உண்மை. அதப் பத்தி ஊரு கேள்வி கேக்கணும், கேக்கத்தான் வேணும். ஆனா பூச்சிய ஆட்டி வைக்குதது வேற, அது பேசுததக் கேக்கது வேற. ரெண்டையும் ஒரே தலைப்புல போட்டுக் கொழப்பாதீங்கன்னுதான் கேக்குதேன்.

இது எங்கயோ அமெரிக்கா சமாச்சாரம், நமக்கு என்னத்துக்குன்னு நினைக்கவுகளுக்கு ஒண்ணு சொல்லணும். எந் தம்பிக்கு சேரன்மாதேவி பக்கம் வயல் இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முன்னால பிசான நெல் சாகுபடில புகையான்ங்குத பூச்சி வந்துட்டுதுன்னு மருந்து அடிச்ச மறுநாள் காலைல நான் அங்க போயிருந்தேன். வரப்புல ஒரு தட்டான் மல்லாக்கக் கிடந்துச்சு. சாகல. காலு ஆறும் தனித்தனியா உதறுது, ரெக்க நாலும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாம விசிறி மாதிரி நடுங்குது, கையில எடுத்து விரல நீட்டினேன், புடிச்சு உக்காரப் பாக்கு, முடியல, அஞ்சு நிமிசம் அப்படியே நடுங்கிச்சு, பெறவு வாலு மட்டும் வளைஞ்சு வளைஞ்சு நிமிந்துச்சு. வாய்க்கா தண்ணில அதே மாதிரி இன்னும் ரெண்டு மூணு. புகையானத் திங்குததே தட்டான்தான், அதோட குஞ்சு தண்ணிக்குள்ள கொசுப்புழுவத் திங்கும். காவக்காரனையும் சேத்துல்லா கொன்னு போட்டோம்.

இமிடாகுளோபிரிட் மாதிரி பூச்சி மருந்துக எப்படி வேலை செய்யும்னு மக சொன்னா. ஒரு நரம்புல இருந்து அடுத்த நரம்புக்குச் சேதி வாங்குத வாசல்ல போயி ஒட்டிக்கிட்டு, சேதி இல்லாதப்பவும் சேதி வந்த மாதிரி அந்த நரம்ப விடாம துடிக்க வச்சு, கடைசில முடக்கிப் போட்டுரும். அந்த வகைல மூணு மருந்த ஐரோப்பாவுல 2018-லயே வெட்டவெளி வயல்ல அடிக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. நான் வரப்புல பாத்த நடுக்கத்துக்கு உள்ள எந்த நரம்பு எப்படிக் கத்திக்கிட்டு இருந்துச்சோ. சாகுத அளவு மருந்து பட்டா கண்ணுக்குத் தெரியுது. அதுல நூத்துல ஒரு பங்கு பட்டு, வெளிய பாத்தா நல்லாப் பறக்குத தட்டான் 95 எரைய புடிக்கதுக்குப் பதிலா 60 புடிச்சா யாருக்குத் தெரியும்? அத ஒரு குச்சில ஒட்டி வச்சுக் கண்டுபுடிக்க முடியாது. பறக்க விட்டு நரம்பக் கேக்கணும். நம்ம தாமிரபரணிக் கரைத் தட்டான, நம்ம வயல்ல அடிக்குத மருந்த வச்சு, நம்ம பிள்ளைக கேக்கணும்.

முடியாதுன்னு சொல்லாதீங்க. பெங்களூர்ல என்சிபிஎஸ்ங்குத உயிரியல் ஆராய்ச்சி நிலையத்துல சஞ்சய் சானே குரூப்பு பூச்சி எப்படிப் பறக்குதுங்குததத்தான் வருசக் கணக்கா ஆராய்ச்சி பண்ணுதாங்க, நம்ம நாலு வழிச்சாலை நடுவுல வச்சிருக்க அரளிச் செடில புழுவா இருந்து வளருதே பச்சை நிற அந்துப்பூச்சி, அதையும் வச்சுத்தான். மகேந்திரகிரில ராக்கெட் இன்ஜின ஓட்டிப் பாக்கோம். அபிஷேகப்பட்டில யூனிவர்சிட்டி இருக்கு, பாளையங்கோட்டைல நூறு வருசத்துக்கு மேல நடக்குத காலேஜுக இருக்கு, அதுகள்ல விலங்கியலும் இருக்கு, எலெக்ட்ரானிக்ஸும் இருக்கு, ஆனா அந்த ரெண்டு டிபார்ட்மெண்டும் ஒரே காம்பவுண்டுக்குள்ள இருந்துக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு பேசாது. எம் மக ஒரு பூச்சி நரம்புல இருந்து சிக்னல் எடுக்கணும், ஒரு ஆம்ப்ளிஃபயர் வேணும்னு கேட்டதுக்கு அது ஒன் சிலபஸ்ல இல்லைன்னு சொல்லிட்டாங்க.

அதனால வீட்டுலயே ஆரம்பிச்சிருக்கோம். 38 மில்லிகிராமெல்லாம் இப்ப கெடையாது, மேசைல வைக்குத ஆம்ப்ளிஃபயர்தான். கரப்பான்பூச்சிய ஐஸ் தண்ணில வச்சு மயக்கின பெறவு, காலுல ரெண்டு குண்டூசி குத்தி, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் ஐசி, பழைய ஸ்பீக்கர் மாட்டினோம். கால்ல இருக்க முள்ள ஒரு துடைப்பக் குச்சியால தொட்டோம், ஸ்பீக்கர்ல டப் டப் டப்னு கேட்டுச்சு, எண்ணெய்ல கடுகு பொரியுத மாதிரி. தொடுதத நிறுத்தினா நின்னு போச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டதும் எம் மக என் கையப் புடிச்சுக்கிட்டா, அஞ்சு நிமிசம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

ஆசிரியர் அய்யாகிட்ட ரெண்டு வேண்டுகோள். அந்தத் தட்டான் சேதிய திரும்ப ஒருக்கா, அது என்ன அளக்குது, எப்படி அளக்குதுன்னு ஒரு அரைப் பக்கமாவது பிள்ளைக படிக்குத மாதிரி போடுங்க. கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு லீவு நாள்ல வர்ற பிள்ளைக அதக் கையில வச்சுக்கிட்டு கேள்வி கேக்கும். இன்னொண்ணு, இந்த லெட்டரப் படிக்குத விலங்கியல் வாத்தியாருகளோ எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியாருகளோ யாராவது இருந்தா, எங்கடைல மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர், சோல்டரிங் எல்லாம் இருக்கு, ராத்திரி 8 மணிக்கு மேல சும்மாதான் இருக்கு. காசு வேண்டாம். பிள்ளைகள அனுப்புங்க, தலைமுடி அளவு ஒயர எப்படி ஒட்டுததுன்னு நான் சொல்லிக் குடுக்கேன், அத நரம்புல எங்க வைக்கணும்னு நீங்க சொல்லிக் குடுங்க. பிசானம் நாத்து நடுததுக்குள்ள ஆரம்பிச்சா இந்த வருசத் தட்டானுகள விடாம பாத்துரலாம்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
பாளையங்கோட்டை.